தாய் எங்கே?

லாப்ரடார் நாய்க்குட்டி வாங்கப் போன பக்கத்து வீட்டுக்காரருக்குத் துணையாக நானும் போனேன். "ரெண்டு மாசக் குட்டி சார்" என்றார் விற்பவர். குட்டியின் வாயில் விரல் வைத்துப் பார்த்தேன். ஈறுதான் தட்டுப்பட்டது, பல்லைக் காணோம். தாயைக் காட்டுங்கள் என்றால், "அது ஊர்ல இருக்கு" என்கிறார். தாய் ஊரிலாம், பால்குடி மறக்காத குட்டி இங்கேயாம்!

2017-லேயே மத்திய அரசு விதி போட்டுவிட்டது. எட்டு வாரத்துக்குள் குட்டியை விற்கக்கூடாது, பெட்டை நாய்க்கு 18 மாதம் ஆகாமல் இனப்பெருக்கம் செய்யக்கூடாது, ஆயுளுக்கு ஐந்து ஈற்றுக்கு மேல் கூடாது. நாய்களை இனப்பெருக்கம் செய்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கவும் வேண்டும். பதிவுச் சான்றைக் கேட்டதும் மனிதர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். சென்னை வெயிலில் பனிப்பிரதேச நாயான ஹஸ்கியை விற்கிறவர்களைப் பற்றி எழுதினால் எனக்கு ரத்த அழுத்தம் ஏறும், விடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த முன்பணம் இன்னும் திரும்பி வரவில்லை.