அவள் முதுகும் எங்கள் வீட்டுப் பேச்சும்

என் மகளின் முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருப்பதற்குப் புத்தகப் பைதான் காரணம் என்று எங்கள் குடும்பத்தில் பாதிப் பேர் முடிவு கட்டிவிட்டார்கள். கூன் போட்டு உட்காருவதுதான் காரணம் என்கிறார் என் மாமியார். இங்கே மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் எந்தச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனாலும் அவளுக்கு “நேரா நில்லும்மா” என்று ஒரு புத்திமதி கிடைக்கிறது. அவள் முகம் வாடுவதை என்னால் தாங்க முடியவில்லை.

தைப்பூசக் காவடிக்குப் பாவாடை தைத்தபோதுதான் தெரிந்தது. ஒரு பக்கம் மட்டும் இறங்கியே நின்றது; தையலில் பிழை இல்லை. கால்களைச் சேர்த்து, முழங்காலை மடக்காமல், கைகளைத் தொங்கவிட்டுக் குனியச் சொன்னேன். பின்னாலிருந்து பார்த்தால் வலது பக்க விலா மேடாக இருந்தது. முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவதோடு முறுக்கவும் செய்வதால்தான் விலா அப்படி எழும்புகிறது என்றார் டாக்டர். நிற்கவைத்து எடுத்த எக்ஸ்ரேயில் வளைவு 18 டிகிரி. 10 டிகிரியைத் தொட்டாலே ஸ்கோலியோசிஸ் என்றுதான் பெயர்.

கனமான பையால் முதுகு வலிக்கலாம், இந்த வளைவு வராது. உட்காரும் விதத்தாலும் வராது. இந்த வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குக் காரணம் இன்னதென்று கண்டுபிடிக்க முடிவதில்லை. சில குடும்பங்களில் தொடர்ந்து வருகிறது. அவள் எதுவும் செய்து இதை வரவழைத்துக்கொள்ளவில்லை. இதை அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டேன், இனியும் சொல்வேன்.

என்னைத் தூங்கவிடாதது வேறு. அவளுக்கு 12 வயது, இன்னும் பெரியவளாகவில்லை, மளமளவென்று உயர்கிறாள். வளைவு கூடுவதும் இப்படி வளரும் மாதங்களில்தான். பையன்களைவிடப் பெண் பிள்ளைகளுக்கே அது அதிகம் கூடுகிறது. இப்போதைக்கு மருந்தும் இல்லை, கட்டும் இல்லை. ஆறு மாதம் கழித்து மறுபடி எக்ஸ்ரே. அப்போது இரண்டு மூன்று டிகிரி கூடத் தெரிந்தால் பதறக் கூடாதாம். அளப்பதிலேயே 5 டிகிரி வரை முன்பின் வரும். நடன வகுப்புக்குத் தடையில்லை என்றதும் அவளுக்கு உயிர் வந்தது.

வளரும் பருவத்திலேயே 25 டிகிரியைத் தாண்டினால் பிரேஸ், அதாவது உடம்பைச் சுற்றிக் கெட்டி பிளாஸ்டிக்கில் ஒரு கட்டு, போட வேண்டும். 2013-ல் வெளியான அமெரிக்க, கனடிய ஆய்வு ஒன்றில், பிரேஸ் போட்டவர்களில் 72 சதவீதம் பேர், அறுவை சிகிச்சை வரை போகக்கூடிய 50 டிகிரியை எட்டாமலே வளர்ந்து முடித்தார்கள். போடாதவர்களில் 48 சதவீதம். தினம் 13 மணி நேரத்துக்குக் குறையாமல் போட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் தப்பித்தார்கள். எனக்கு இது பெரிய ஆறுதல். இருக்கும் வளைவை பிரேஸ் நேராக்கிவிடாது, கூடாமல் தடுக்கத்தான் பார்க்கும் என்பதை அவளிடமும் மறைக்கவில்லை.

யூனிஃபார்முக்குள் தெரியுமா என்று கேட்டாள். ஜனவரி வெயிலில் அந்தக் கெட்டி பிளாஸ்டிக்கோடு வகுப்பில் எப்படி உட்காருவாள் என்பது என் கவலை. தேவைப்பட்டால் ஒரு சுற்று பெரிய சட்டையும், உள்ளே போட மெல்லிய பருத்தி பனியனும் வாங்கிவிடலாம் என்று பேசி வைத்திருக்கிறோம்.