கருமருந்துத் துப்பாக்கிக்கு மசகும் கழுவு நீரும்

பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கி ஜனவரி வரை நீளும் மான் வேட்டைப் பருவம் ஒன்று உண்டு. துப்பாக்கி வகையில் சக்கிமுக்கிக் கல்லை உரசிப் பற்றவைப்பதற்கு மட்டுமே அதில் அனுமதி. குழலின் வாய்வழியே மருந்தைக் கொட்டி, அதன்மேல் துணி சுற்றிய ஈயக்குண்டை வைத்து, கோலால் இறுக்கிக் கெட்டிக்கும் பழைய முறையை நான் கற்றுக்கொண்டது அந்தப் பருவத்துக்காகத்தான். அண்மையில் இதில் இறங்கியிருக்கும் நண்பர் ஒருவர், துணியில் எதைத் தடவுவது, சுட்டு முடித்தபின் குழலை எதனால் கழுவுவது என்று கேட்டார். இரண்டு கேள்விகளுக்கும் விடை கருமருந்திலேயே இருப்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கருமருந்து என்பது ஏறத்தாழ 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். இது எரியும்போது முழுவதும் வாயுவாக மாறிவிடுவதில்லை. 1870களில் இங்கிலாந்தில் நோபிள், ஏபெல் என்ற இருவர் இதை மூடிய கலத்தில் எரித்து அளந்தபோது, எடையில் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே எஞ்சியது. நான் ஒரு சுடுதலுக்கு இடுவது 70 கிரெயின், அதாவது சுமார் நான்கரை கிராம். அதில் இரண்டரை கிராம் அளவுக்குப் பொட்டாசியம் கார்பனேட், சல்பேட், சல்பைடு போன்ற உப்புகளாக மாறி, ஒரு பகுதி வெண்புகையாக வெளியேற, மீதி குழலின் உட்புறத்தில் படிந்துவிடுகிறது. இந்தப் படிவு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு இரும்பை அரிக்கும். ஆனால் உப்பு என்பதால் தண்ணீரில் எளிதாகக் கரையும்.

குண்டைச் சுற்றும் துணியை இங்கே பேட்ச் என்பார்கள். என் குழலின் குறுக்களவு 0.50 அங்குலம், குண்டு 0.490 அங்குலம். இடைவெளியை நிரப்பி, குழலின் உட்சுவரில் வெட்டியிருக்கும் முறுக்கு வரிகளைக் கவ்விக் குண்டைச் சுழலவைப்பது 0.015 முதல் 0.018 அங்குலம் தடிமனுள்ள, மெத்தைக்கும் தலையணைக்கும் தைக்கும் நெருக்கமான பருத்தித் துணிதான். கடையில் வாங்கியதும் அதைத் துவைத்துக் கஞ்சியை நீக்கிவிட வேண்டும். மசகுக்கு இங்கே மூன்று வேலைகள்: துணி எரியாமல் காப்பது, குண்டு வழுக்கி இறங்க உதவுவது, முந்தைய சுடுதலின் படிவை இளக்கி வைப்பது. மூன்றாவதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

எந்த மசகு நல்லது என்று கேட்பதைவிட, குண்டு எவ்வளவு நேரம் மருந்தின்மேல் அமர்ந்திருக்கப்போகிறது என்று கேட்பதே சரியான கேள்வி என்பது என் கருத்து. பயிற்சித் திடலில் கெட்டித்த மறு நிமிடமே சுட்டுவிடுகிறோம். அங்கே வாயில் வைத்து நனைத்த துணியே போதும். எச்சிலில் இருக்கும் தண்ணீர் படிவை இளக்கிவிடும், செலவும் இல்லை. ஆனால் வேட்டைக்குக் காலையில் கெட்டித்த துப்பாக்கியுடன் மாலைவரை காத்திருக்க நேரும்போது, அதே ஈரம் மருந்தை நனைத்துவிடும், குண்டு அமர்ந்த இடத்தில் துருவையும் ஏற்றிவிடும். அந்த நாட்களில் தண்ணீர் கலக்காத கொழுப்பே பாதுகாப்பானது. ஆட்டுக் கொழுப்பும் தேன்மெழுகும் கலந்த பசை கோடையில் அருமையாக வேலை செய்யும்; டிசம்பர் குளிரிலோ கல்லாக இறுகிக் குண்டை இறங்கவிடாது. ஆகவே குளிர்காலத்தில் மெழுகை மிகவும் குறைத்து, ஆலிவ் எண்ணெயைக் கூட்டிக்கொள்கிறேன்.

இலக்குச் சுடுதலுக்கு எனக்குப் பிடித்தது வேறொன்று. பாலிஸ்டால் என்பது 1904இல் ஜெர்மனியில் உருவான, தண்ணீரில் பால்போலக் கலக்கும் எண்ணெய். ஒரு பங்குக்கு ஏழு பங்கு தண்ணீர் சேர்த்து, துணியை முக்கிப் பிழிந்து, தட்டையாக விரித்து உலரவிடுகிறேன். தண்ணீர் ஆவியானபின் ஒவ்வொரு துண்டிலும் ஒரே அளவு எண்ணெய் மெல்லிய படலமாக நிற்கும். மசகின் அளவு மாறாததால் குண்டுகளும் சிதறாமல் ஓரிடத்தில் சேர்கின்றன. பெட்ரோலிய எண்ணெய் எதுவும் ஆகாது என்று பொதுவாகச் சொல்வார்கள். கனமான எஞ்சின் எண்ணெய் படிவோடு சேர்ந்து தாராக இறுகுவது உண்மை. ஆனால் பாலிஸ்டாலும் பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து எடுத்துச் சுத்திகரித்த கனிம எண்ணெய்தான் என்பதால் அந்த விதியைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்ற வேண்டியதில்லை.

சுட்டபின் குழல்வாய்க்கு முன்னால் சில அடி தூரத்தில் விழுந்து கிடக்கும் துணியைப் பொறுக்கி எடுத்துப் பார்ப்பது எந்த நூலையும்விட நன்றாகக் கற்றுக்கொடுக்கும். நடுவில் வட்டமான கரிக்கறையும் ஓரத்தில் சிறு பிசிறும் மட்டும் இருந்தால் எல்லாம் சரி. நடுவைச் சுற்றிக் கருகி ஓட்டை விழுந்திருந்தால் மசகு போதவில்லை, அல்லது துணி மெல்லியது. கத்தியால் கீறியதுபோல நேர்க்கோடாகக் கிழிந்திருந்தால் குற்றம் மசகில் இல்லை. புதிய குழலின் வரிகள் இன்னும் கூராக இருக்கின்றன.

இவ்வளவு சிறிய பொருளுக்கு எவ்வளவு பெரிய வரலாறு என்று நான் வியப்பதுண்டு. 1857இல் சிப்பாய்கள் பல்லால் கடிக்க மறுத்தது என்ஃபீல்டு துப்பாக்கியின் காகிதத் தோட்டாவில் தடவியிருந்த இதே வகைக் கொழுப்பைத்தான். விரும்பிய பொருளைத் தாங்களே தடவிக்கொள்ளலாம் என்று அந்த ஆண்டு ஜனவரியில் உத்தரவு வந்தும் நம்பிக்கை திரும்பவில்லை.

குழலைப் பழக்குவது பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இரும்புத் தோசைக்கல்லை எண்ணெய் தடவித் தடவிப் பழக்குவதுபோல, இயற்கைக் கொழுப்பைத் தொடர்ந்து பூசினால் குழலும் பழகித் துருப்பிடிக்காது என்று ஒரு கருத்து இங்கே பரவலாக உண்டு. நானும் அதை நம்பி, சோப்பே படாமல் ஒரு மஞ்சள் நிறக் களிம்பை மட்டும் பூசி ஒரு கோடை முழுவதும் வைத்திருந்தேன். இலையுதிர்காலத்தில் உள்ளே விட்ட துணி குழலின் அடிமுனையிலிருந்து செங்காவி நிறத்தில் வந்தது. துருவைத் தேய்த்து எடுத்தபின் விளக்குப் போட்டுப் பார்த்தபோது ஊசிமுனைக் குழிகள் தெரிந்தன. தோசைக்கல் பழகுவது நெடுநேரச் சூட்டில் எண்ணெய் இறுகிப் படலமாவதால். துப்பாக்கிக் குழலில் அந்தச் சூடு நிலைப்பதே இல்லை; களிம்புக்கு அடியில் உப்புதான் சிறைப்பட்டிருந்தது.

இப்போது என் முறை எளிது. முதலில் கோலைக் குழலுக்குள் விட்டு, வெறுங்குழலில் அது இறங்கும் ஆழத்துக்குப் போட்டிருக்கும் அடையாளக் கோட்டைப் பார்த்து, உள்ளே மருந்தோ குண்டோ இல்லை என்று உறுதி செய்துகொள்கிறேன். பிறகு மருந்துக்குத் தீ போகும் நெருப்புத் துளையை ஒரு சிறு குச்சியால் அடைத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு கலந்து ஊற்றிச் சில நிமிடம் ஊறவிட்டுக் கொட்டுகிறேன். கருமையான நீர் தெளியும்வரை இதையே தொடர்ந்து, பிறகு துணி விட்டுத் துடைப்பேன். கொதிநீர் வேண்டாம், அது விரைவில் உலர்ந்தாலும், உலரும்போதே மெல்லிய துருவைப் படியவைத்துவிடுகிறது. ஆல்கஹால், ஹைட்ரஜன் பெராக்சைடு, எண்ணெய்ச் சோப்பு ஆகியவற்றைச் சம அளவில் கலந்த கழுவு நீரையும் பலர் புகழ்கிறார்கள். இரும்பைத் துருவேற்றக்கூடிய பெராக்சைடை நானே குழலுக்குள் ஊற்ற எனக்கு மனம் வரவில்லை. தண்ணீர் செய்யும் வேலைக்கு அது தேவையும் இல்லை.

உலர்ந்த குழலில் துருத்தடுப்பு எண்ணெய் பூசுவது இருப்பு வைப்பதற்கு மட்டும். அடுத்த முறை கெட்டிக்கும் முன் ஆல்கஹால் நனைத்த துணியால் அதை முழுவதும் எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் மருந்து எண்ணெயில் ஊறிப் பற்றாமல் போகும். கழுவிய மறுநாள் மாலை மீண்டும் ஒரு வெள்ளைத் துணியைக் குழலின் அடிவரை விட்டு எடுத்துப் பார்க்கிறேன். சுத்தமாக வந்தால் துப்பாக்கி அலமாரிக்குப் போகும். செங்காவியின் சாயல் சிறிது தெரிந்தாலும் மறுபடி தண்ணீரைச் சூடாக்குவேன்.