அடம்பன் வந்த வளவு

2004 டிசம்பர் 26 கடல் வந்து போனபிறகு, திருகோணமலைப் பக்கம் நிலாவெளியில் எங்கள் வளவில் மிஞ்சியது வெள்ளை மணலும் கிணற்றுக்கட்டும்தான்.

முதலில் ஊர்ந்து வந்தது அடம்பன் கொடி. ஆட்டுக்குளம்பு மாதிரி இலை, கணுவுக்குக் கணு வேர். மணலை அசையவிடாமல் பிடித்துக்கொண்டது. அப்புறம் இராவணன் மீசை என்கிற முள்ளுப் புல் (வெறுங்காலோடு மிதித்தவருக்குத் தெரியும்!). சருகு மக்கின இடத்தில் எருக்கு. வேலியில் குந்தின காகம் போட்ட கொட்டையில் வேம்பு.

இப்போது அந்த வேம்பின் கீழே அடம்பனைத் தேடினால் இல்லை. வெயில் இல்லாமல் அதுக்குச் சரிவராது. ‘அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு’ என்பா அம்மம்மா. திரண்டுதான் நின்றது, அது பிடித்துக் கொடுத்த மண்ணில் வளர்ந்த மரமே அதை வெளியே அனுப்பிவிட்டது.

வேலிக்கு அங்கால், கடற்கரையில் இன்னும் படர்ந்து கிடக்கிறது. நேற்றும் ஊதாப் பூ.