இரண்டில் எது?

தனி வீட்டு மனைகளில் நான்கு வீடு வரை அனுமதிக்கலாமா என்ற கருத்துக்கேட்புக் கூட்டம் முடிந்து நாளாகிவிட்டது. தீர்மானமும் ஒருவழியாக நிறைவேறிவிட்டது. அதில் வந்த ஒரு கேள்விதான் இன்னும் என்னை விடவில்லை.

கேட்டவர் ஓர் அம்மா. மற்றவர்கள் வாகன நிறுத்தம், சாக்கடைக் குழாய், மரம், பள்ளியில் இடம் என்று வழக்கமான பட்டியலோடு வந்திருந்தார்கள். இவர் கையில் இருந்த தாளில், கூட்டம் தொடங்கியதிலிருந்து அதிகாரியாக நான் சொன்ன பதில்களைக் குறித்து வைத்திருந்தார். “வாடகை வீட்டில் இருக்கும் அந்தத் தம்பி கேட்டபோது, இதனால் வீடுகள் பெருகும் என்றீர்கள். என் பக்கத்து வீட்டுக்காரர் கேட்டபோது, உங்கள் தெரு பெரிதாக மாறாது என்றீர்கள். இரண்டில் எது?”

“இரண்டும்தான்” என்றேன். கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை, அதையும் எழுதிக்கொண்டு போய் உட்கார்ந்தார்.

கணக்குப்படி நான் சொன்னதில் தப்பில்லை. ஒரு தெருவில் ஒரு வருடத்தில் விற்பனைக்கு வருவதே சில வீடுகள்தான். அதிலும் இடித்துக் கட்டினால் லாபம் நிற்கும் மனை இன்னும் குறைவு. தெருவாகப் பார்த்தால் ஒன்றுமில்லாத மாதிரி இருப்பது, நகரம் முழுக்கக் கூட்டினால் கணிசமாக வரும். இதை அந்த நேரத்தில் விளக்கியிருக்கலாம். விளக்கியிருந்தால் அவர் ஒத்துக்கொண்டிருப்பாரா என்றால், தெரியவில்லை.

ஏனென்றால் நான் காட்டிய உதாரணங்களே அந்தக் கணக்கில் சேரவில்லை. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரம் 2018 டிசம்பரில் திட்டத்தை ஏற்று, 2020 முதல் எந்த வீட்டு மனையிலும் மூன்று வீடு வரை கட்டலாம் என்றது. நாடே பேசியது. உள்தெருக்களில் அப்படி வந்த வீடுகள் சொற்பம். எண்ணிக்கையைக் கூட்டினார்களே தவிர கட்டடத்தின் மொத்த அளவை அவ்வளவாகக் கூட்டவிடவில்லை. அப்புறம் யார் இடித்துக் கட்டுவார்கள்? புதிதாக வந்ததில் பெரும்பகுதி முக்கியச் சாலைகளை ஒட்டிய பெரிய அடுக்ககங்கள். கட்டாய வாகன நிறுத்த விதியை எடுத்தது அதற்குக் கைகொடுத்தது. நியூசிலாந்தின் ஆக்லாந்து கதை வேறு. அங்கே 2016-ல் குடியிருப்பு நிலத்தில் ஏறக்குறைய முக்கால்வாசியில் கூடுதலாகக் கட்ட இடம் கொடுத்தார்கள். சில ஆண்டுகளில் வீட்டுக் கட்டுமான அனுமதிகள் ஏறத்தாழ இரட்டிப்பாயின. பழைய வீடு நின்ற மனைகளில் வரிசை வீடுகள் எழுந்தன.

பயந்தவர்களுக்கு மினியாபொலிஸைக் காட்டினேன், காத்திருந்தவர்களுக்கு ஆக்லாந்தை. ஒரே மாலையில், ஒரே மேடையில். அந்த அம்மா பிடித்தது இதைத்தான்.

ஏமாற்றினேன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. “ஆமாம் அம்மா, பக்கத்து வீட்டை இடிக்கலாம், நான்கு குடும்பம் வரலாம், உங்கள் சமையலறைக்கு வரும் வெயிலைச் சுவர் மறைக்கலாம்” என்று சொல்லியிருந்தால் தடுமாறிக்கொண்டிருந்த நகர மன்ற உறுப்பினர்கள் அன்றைக்கே மறுபக்கம் போயிருப்பார்கள். இந்த மாதிரிக் கூட்டங்களுக்கு வருபவர்களில் பெரும்பாலோர் ஏற்கனவே வீடு உள்ளவர்கள். நாளைக்குக் குடிவரப் போகிறவருக்கு எங்கள் அழைப்புக் கடிதம் போய்ச் சேர முகவரியே கிடையாது. அவருக்காக யாராவது கொஞ்சம் சாதுரியமாகப் பேச வேண்டாமா? அதற்கு எனக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள் என்று கேட்டால், பதில் இல்லை.

எந்தப் பகுதியில் எதைக் கட்டலாம் என்று ஊர் விதிப்பது பற்றிய 1926-ஆம் ஆண்டு யூக்ளிட் வழக்கில், தனி வீட்டுப் பகுதியில் வரும் அடுக்ககத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒட்டுண்ணி என்றே எழுதியது. ஏறக்குறைய நூறு வருடமாகியும் எதிர்ப்பவர்களில் சிலர் அதையே நாகரிகமாகச் சொல்கிறார்கள். அந்த அம்மாவும் அப்படிப் பேசியிருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். அவர் யாரையும் வர வேண்டாம் என்று சொல்லவே இல்லை. என்ன வரும் என்று மட்டும்தான் கேட்டார்.

வாக்கெடுப்புக்கு முன் ஓர் உறுப்பினர் என் பதிலையே எடுத்துப் பேசினார். “அதிகாரியே பெரிதாக மாறாது என்கிறார். மாறாத விஷயத்துக்கு நான்கு எதற்கு, மூன்று போதாதா?” மூன்றாயிற்று. உயர வரம்பும் பக்க இடைவெளியும் பழையபடியே நின்றுவிட்டன. மினியாபொலிஸின் உள்தெருக்களில் நடந்ததே இங்கேயும் நடக்கும் போலிருக்கிறது. ஒருவரைச் சமாதானப்படுத்தச் சொன்னது இன்னொருவருக்குச் சொன்னதைத் தின்றுவிட்டது. இல்லை, அந்த உறுப்பினர் எப்படியும் குறைத்திருப்பார், என் பதில் அவருக்குக் கிடைத்த ஒரு சாக்கு, அவ்வளவுதான் என்றும் சில நாள் தோன்றும்.

புதிய விதிகளுக்கான கேள்வி-பதில் கையேட்டை என்னைத்தான் எழுதச் சொன்னார்கள். ‘எத்தனை வீடுகள் வரும்?’, ‘என் தெரு மாறுமா?’ என்ற இரண்டையும் ஒரே பதிலில் சேர்த்து எழுதிக் கொடுத்தேன். மேலாளர் படித்துவிட்டு, குழப்பமாக இருக்கிறது என்று இரண்டையும் தனித்தனிப் பக்கத்துக்கு மாற்றினார். நான் மறுத்துப் பேசவில்லை. இப்போது படிக்க எளிதாகத்தான் இருக்கிறது.