ஐந்து சேவல், ஒரு கொட்டகை: கூவல் நாட்குறிப்பு

பிப்ரவரி 3

கொட்டகையில் ஐந்து: செவலை, காகம், சாம்பல், புள்ளி, நாலரை மாத விடைச்சேவல் ஒன்று. பெட்டைகள் கண்ணுக்குத் தெரியாத மறுபக்கத்தில். பெட்டை கண்ணில் பட்டால் சேவல்கள் சேர்ந்து வாழாது. பெட்டைகளோடு விடுவதென்றால் எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும்.

விடிவது 6.30. முதல் கூவல் 4.25-க்கு, செவலை. அது முடித்ததும் காகம், பிறகு சாம்பல், கடைசியில் புள்ளி. விடைச்சேவல் வாய் திறக்கவில்லை. தீனித் தட்டில் யாரைக் கண்டு யார் ஒதுங்குகிறதோ, கூவலிலும் அதே வரிசை.

ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் ஷிம்முராவும் யோஷிமுராவும் 2013-இல் இதை ஆராய்ந்தார்கள். நாள் முழுக்க மங்கலான வெளிச்சத்திலேயே வைத்தாலும் ஏறத்தாழ 23.8 மணிக்கு ஒரு சுற்றாகச் சேவல்கள் கூவின. கடிகாரம் உடம்புக்குள் இருக்கிறது. 2015-இல் அதே குழு காட்டியது: தலைமைச் சேவல் முதலில், மற்றவை தரவரிசைப்படி. தலைமையை எடுத்துவிட்டால் இரண்டாவது முந்திக்கொள்ளும்.

ஆகவே கூவலை நிறுத்தும் வழி தேடுவது வீண். வரிசை கலையாமல் பார்த்துக்கொண்டால் ஓயாத போட்டிக் கூவலைக் குறைக்கலாம், அவ்வளவுதான்.

பிப்ரவரி 6

காகம் கூவியதை இரண்டடி தூரத்தில் பார்த்தது: இறக்கையைப் படபடவென்று தட்டுகிறது, விரல்கள் கழியை இறுக்குகின்றன, கழுத்து மேலே நீள்கிறது. நுரையீரல், காற்றுப்பை இரண்டிலும் உள்ள காற்று ஒரே வீச்சில் வெளியேற, கடைசி இழுப்பில் வயிறு உள்ளே ஒட்டிப்போகிறது. இந்த வீச்சைத்தான் கூவல் தடுக்கும் கழுத்துப்பட்டை பிடித்து நிறுத்துகிறது. கோழிக்கு வியர்க்காது, வெயிலில் வாய் திறந்து மூச்சிரைத்தே சூட்டைத் தணிக்கும். இறுகிய பட்டை அந்த மூச்சையும் தடுக்கும். தளர்ந்த பட்டையில் கீழ் அலகோ விரலோ மாட்டும். இந்தக் கொட்டகையில் பட்டைக்கு இடமில்லை.

பிப்ரவரி 9

ஒரே தட்டில் தீனி வைத்ததால் புள்ளி பட்டினி. மூன்று தட்டு, ஒன்றுக்கொன்று ஆறடி இடைவெளி. தண்ணீர் இரண்டு இடத்தில். நடுவே இரண்டடி உயரப் பலகை இரண்டு நிறுத்தியாயிற்று. துரத்தப்படுவது கண் மறைந்தால் துரத்துவது நின்றுவிடும். பலகையைச் சுவரோடு ஒட்டக்கூடாது. மூலை உருவானால் அதில் ஒன்று சிக்கிக்கொண்டு கொத்து வாங்கும். இரு முனையும் திறந்திருக்கட்டும். கழிகள் எல்லாம் ஒரே உயரம். ஒன்று மட்டும் உயர்ந்திருந்தால் தினமும் மாலை அதற்கே சண்டை.

பிப்ரவரி 14

சாம்பலின் கொண்டையில் ரத்தம். சுத்தமான துணியால் சில நிமிடம் அழுத்திப் பிடித்ததும் நின்றது. ரத்தச் சிவப்பைக் கண்டால் மற்றவை அங்கேயே கொத்தும், ஆகவே பிரித்தாக வேண்டும். ஆனால் வேறு இடத்துக்குக் கொண்டுபோனால் ஒரு வாரத்தில் அந்நியனாகித் திரும்பும். முழு வரிசையும் புதிதாக அடித்துத் தீர்மானமாகும். கொட்டகைக்குள்ளேயே வலை தடுத்து, ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும்படி வைத்தாயிற்று. ஆறியதும் இருட்டும் நேரத்தில் கழியில் ஏற்றிவிட்டு, விடியும்போது பக்கத்தில் இருக்க வேண்டும்.

எல்லாச் சண்டையிலும் கை வைக்கக்கூடாது. கழுத்து மயிர் சிலிர்த்து, நெஞ்சோடு மோதி, ஒன்று முகம் திருப்பினால் முடிந்தது. தோற்றது தலையைப் பதுக்கி உட்கார்ந்த பின்னும் மற்றது பிடரியில் கொத்திக்கொண்டே இருந்தால் அந்த நொடியே பிரிக்க வேண்டும். கால் முள்ளின் கூர் முனையை மட்டும் அரத்தால் மழுக்கலாம். உள்ளே ரத்தமோடும் எலும்பு உண்டு, ஒட்ட வெட்டக்கூடாது.

பிப்ரவரி 18

நள்ளிரவு 1 மணிக்குக் கூவல். கதவிடுக்கு வழியே வண்டி வெளிச்சம். இடுக்கை அடைத்தாயிற்று. மேலே உள்ள காற்றுத் துவாரத்தை அடைக்காமல் அதன் முன் சாய்வாகப் பலகை: காற்று வரும், ஒளி வராது. கோழி தூங்கும் உயரத்தில் மூக்கை வைத்துப் பார்த்தால் கண் எரியக்கூடாது. எரிந்தால் எச்சத்தின் அம்மோனியா, காற்று போதவில்லை. இருட்டடிப்பால் சாமக் கூவல் நிற்கும். விடியலுக்கு முந்தைய கூவல் நிற்காது, சுவர் சத்தத்தைக் கொஞ்சம் அமுக்கும்.

பிப்ரவரி 23

விடைச்சேவல் பகலில் முதல்முறையாகக் கூவியது. இரண்டு அசைதான், கரகரவென்று பாதியில் உடைந்தது. செவலை ஓடிவந்து நின்றது, அடிக்கவில்லை. விடைச்சேவல் தலை தாழ்த்திப் பலகைக்குப் பின்னே போய்விட்டது.

பிப்ரவரி 24

4.18. செவலை, காகம், வலைக்குள்ளிருந்து சாம்பல், புள்ளி. சற்றுப் பொறுத்து, கழியின் கடைசியிலிருந்து அந்த உடைந்த குரல்.