முதல் பத்து விநாடி

தப்பு என்னுடையதுதான். ஒலிப்பதிவுகளில் இரைச்சலை நீக்கும் மென்பொருள் ஒன்று தேவைப்பட்டது. காசு கொடுத்து வாங்க மனம் வராமல், பூட்டு உடைத்த பதிப்பைத் தேடிப் பதிவிறக்கினேன். ‘நிறுவும் முன் வைரஸ் தடுப்பை அணைத்துவிடவும்’ என்று கூடவே ஒரு குறிப்பு. திருடனே வந்து நாயைக் கட்டிப்போடச் சொன்னான், நானும் கட்டிப்போட்டேன்.

நிறுவிய பிறகு மென்பொருள் திறக்கவே இல்லை. சற்று நேரத்தில் விண்டோஸ் அப்டேட் ஓடுவதாக ஒரு சாளரம் வந்தது. கணினி வேண்டும் என்று வந்த தங்கையிடம், “அப்டேட் ஓடுகிறது, எதையும் தொடாதே” என்று சொல்லி அனுப்பினேன். டிஸ்க் விளக்கு துடித்துக்கொண்டே இருந்தது, விசிறி இரைந்தது. அப்டேட் என்றால் அப்படித்தானே இருக்கும்? அந்தச் சாளரம் வெறும் திரைச்சீலை என்பதும், அதற்குப் பின்னால் என் கோப்புகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்படுகின்றன என்பதும் எனக்குத் தெரியாது. கொள்ளைக்குக் காவல் நின்றவன் நான்.

முதலில் கண்ணில் பட்டது முகப்புத்திரைதான். படங்களின் சிறுவடிவங்கள் மறைந்து எல்லாம் வெள்ளைத் தாளாக நின்றன. ஒவ்வொரு கோப்பின் பெயருக்குப் பின்னாலும் புதிதாக நான்கெழுத்து வால் ஒன்று முளைத்திருந்தது. கோப்புறைகளில் ‘ரீட்மி’ என்ற பெயரில் ஓர் உரைக்கோப்பு. பூட்டைத் திறக்க 980 டாலர்; 72 மணி நேரத்துக்குள் தொடர்புகொண்டால் பாதி விலை, 490 டாலர். ஒரு கோப்பை மட்டும் இலவசமாகத் திறந்து காட்டுவார்களாம். தள்ளுபடி, மாதிரி என்று வியாபார நேர்த்தியில் குறையே இல்லை.

வைஃபையைத் துண்டித்தேன். செருகியிருந்த பென்டிரைவைப் பிடுங்கினேன். அதற்குள் இருந்தவையும் போயிருந்தன. விளக்கு இன்னும் துடித்துக்கொண்டிருந்ததால் மின்பொத்தானை அழுத்திப் பிடித்துக் கணினியை அணைத்தேன். நினைவகத்தில் சாவி தங்கியிருக்கலாம், அணைக்கக் கூடாது என்று சொல்பவர்கள் உண்டு. என் கணினியில் இரண்டு பெரிய கோப்புறைகள் தொடப்படாமல் தப்பியது நான் அணைத்ததால்தான். அதற்காக நான் வருந்தவில்லை.

மீதியைக் கைப்பேசியில் படித்தேன். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் நிரலுக்கு ரான்சம்வேர் என்று பெயர். ‘ஐடி ரான்சம்வேர்’ என்ற தளத்தில் மிரட்டல் குறிப்பையும் பூட்டப்பட்ட கோப்பு ஒன்றையும் ஏற்றினால், எந்த வகை என்று சொல்லிவிடும். எனக்கு வந்தது ‘ஸ்டாப்’; ‘டிஜேவியூ’ என்றும் சொல்கிறார்கள். பெரும்பாலும் வீட்டுக் கணினிகளைக் குறிவைப்பது, பூட்டு உடைத்த மென்பொருள்களில் ஒளிந்து வருவது. என்னைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து எழுதியதுபோல் இருந்தது.

வகையைத் தெரிந்துகொள்வதற்கு முன் எதையும் அழிக்கக் கூடாது என்பது அப்போதுதான் புரிந்தது. சில தீநிரல்கள் திரையை மட்டும் மறைத்து, காவல்துறை பெயரில் அபராதம் கேட்டு மிரட்டும். அவற்றை நீக்கினால் போதும், கோப்புகள் அப்படியே இருக்கும். கோப்புகளையே சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றிவிடும், அதாவது மறையாக்கம் செய்யும் வகை வேறு. பூட்டியவனைப் பிடித்து வெளியே தள்ளினாலும் பூட்டு பூட்டாகவே இருக்கும். நீக்குவது ஒரு வேலை, மீட்பது இன்னொரு வேலை. முதல் வேலை ஒரு மாலையில் முடிந்தது. இரண்டாவது பல வாரம் இழுத்தது.

நண்பரின் கணினியில் லினக்ஸ் இயங்குதளம் கொண்ட பென்டிரைவ் ஒன்றைத் தயாரித்து, அதிலிருந்து என் கணினியைக் கிளப்பினேன். விண்டோஸே ஓடாததால் தீநிரலும் ஓடாது. பூட்டப்பட்ட கோப்புகள், மிரட்டல் குறிப்பு, சி டிரைவில் ‘சிஸ்டம் ஐடி’ கோப்புறைக்குள் கிடந்த, தீநிரல் எனக்குக் கொடுத்த அடையாள எண் என எல்லாவற்றையும் வெற்று டிஸ்க் ஒன்றுக்கு நகலெடுத்தேன். இந்த விவகாரம் முழுவதிலும் நான் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம் அது.

பிறகு விண்டோஸை ஸேஃப் மோடில், அதாவது அத்தியாவசியமானவை மட்டும் ஓடும் முறையில் திறந்தேன். விண்டோஸ் குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் வேலைகளின் பட்டியலில் ‘டைம் ட்ரிகர் டாஸ்க்’ என்று சாதுவான பெயரில் ஒன்று உட்கார்ந்திருந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தீநிரலை எழுப்பிவிடுவது அதன் வேலை. அதை விட்டுவைத்தால் புதிதாகச் செருகும் பென்டிரைவும் பூட்டப்படும். எந்தத் தளம் எந்த முகவரியில் இருக்கிறது என்று கணினி முதலில் பார்க்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திறந்தால், வைரஸ் தடுப்பு நிறுவனங்களின் தள முகவரிகள் வரிசையாக 127.0.0.1க்கு, அதாவது என் கணினிக்கே திருப்பப்பட்டிருந்தன. வைஃபையைத் துண்டிப்பதற்கு முன் அந்தத் தளங்கள் மட்டும் திறக்காததற்கு நான் இணையத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன். ‘முந்தைய பதிப்புகள்’ பகுதியும் காலி. கோப்புகளின் பழைய நிலையை விண்டோஸ் எடுத்துவைக்கும் நிழல் நகல்களை இது அழித்துவிடுகிறது.

விண்டோஸின் சொந்த வைரஸ் தடுப்பான டிஃபெண்டரின் ஆஃப்லைன் சோதனை தீநிரலைப் பிடித்தது. அதோடு கடவுச்சொல் திருடும் நிரல் ஒன்றையும் பிடித்தது. கோப்புகள் பூட்டப்பட்டதைவிட இது என்னை அதிகம் பயமுறுத்தியது. மிரட்டுகிறவன் கதவைத் தட்டுகிறான். இவன் சத்தமில்லாமல் வந்து போய்விட்டான். உலாவியில் சேமித்திருந்த கடவுச்சொற்கள் அனைத்தையும் அன்றிரவே கைப்பேசியிலிருந்து மாற்றி, எல்லாக் கணக்குகளிலும் மற்றச் சாதனங்களை வெளியேற்றினேன். அதன் பிறகு அந்த விண்டோஸ்மேல் நம்பிக்கை வரவில்லை. டிஸ்க்கைத் துடைத்துப் புதிதாக நிறுவினேன்.

இனி மீட்பு. எம்சிசாஃப்ட் நிறுவனம் இந்த வகைக்கு இலவசத் திறப்புக் கருவி தருகிறது. எல்லாம் அடையாள எண்ணின் வாலில் இருக்கிறது. பூட்டும் நேரத்தில் தீநிரலுக்குத் தன் சர்வர் கிடைக்கவில்லை என்றால், உள்ளேயே வைத்திருக்கும், எல்லோருக்கும் ஒன்றேயான சாவியால் பூட்டும். அப்போது எண் ‘டி1’ என்று முடியும். அதற்கு இணையான திறப்புச் சாவி என்றாவது கைக்குக் கிடைத்தால், அதே சாவியால் பூட்டப்பட்ட எல்லோருக்கும் திறக்கும். சர்வர் கிடைத்துவிட்டால் உங்களுக்கென்றே தனிச் சாவி. 2019 ஆகஸ்டுக்குப் பிந்தைய பதிப்புகளில் அப்படிப் பூட்டியதைத் திறக்க வழியில்லை. என் எண் ‘டி1’ என்று முடியவில்லை. கருவி ஒரே வரியில் கையை விரித்தது.

‘நூறு சதவீதம் மீட்டுத் தருகிறோம்’ என்ற தரவு மீட்பு நிறுவனம் ஒன்றிடமும் பேசினேன். எப்படி என்று கேட்டதற்குப் பதில் இல்லை. இந்தத் தொழிலில் சிலர் மிரட்டியவனுக்கே பணத்தைக் கட்டிச் சாவியை வாங்கி, மேலே தங்கள் கூலியைப் போடுகிறார்கள் என்று படித்திருந்ததால் விலகிக்கொண்டேன். நேரடியாகக் கட்டலாமா என்ற சபலம் 71-ஆவது மணி நேரம் வரை இருந்ததை மறைக்கவில்லை. பணம் வாங்கிக்கொண்டு சாவி தருவான் என்பதற்கு அவன் வாக்கு மட்டும்தானே உத்தரவாதம்?

விட்டுவிடலாம் என்று இருந்தபோதுதான் ஒரு விவரம் கிடைத்தது. இந்தத் தீநிரலுக்கு அவசரம். யாராவது அணைப்பதற்குள் எல்லாக் கோப்பையும் தொட்டாக வேண்டும். அதனால் பெரிய கோப்புகளில் முதல் 150 கிலோபைட்டை மட்டும் மறையாக்கம் செய்துவிட்டு அடுத்ததற்குத் தாவுகிறது. மீதி அப்படியே இருக்கும். சிறிய ஆவணங்கள் முழுவதும் போய்விட்டன. புகைப்படங்களில் தலைப்பகுதி போனதால் பெரும்பாலானவை திறக்கவில்லை. ஆனால் பெரிய ஜிப் கோப்பு ஒன்றின் பெயரிலிருந்த வாலை வெட்டி 7-ஜிப்பில் திறந்தபோது, முதலில் இருந்த கோப்பைத் தவிர மற்றவை முழுசாக வெளியே வந்தன. வீடியோக்களுக்கு ‘மீடியா ரிப்பேர்’ என்ற கருவி இருக்கிறது; அதே கேமராவில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றை மாதிரியாகக் காட்டினால் பழுதானதைச் சரிசெய்ய முயலும். என்னுடையவற்றில் பாதிக்கு மேல் ஓடின.

மிச்சம் இருந்தவை ஒலிப்பதிவுகள். எந்த இரைச்சலை நீக்கப் போய் இவ்வளவும் நடந்ததோ, அதே பதிவுகள். அப்பா தன் இளமைக் காலத்தைப் பற்றிப் பேசியது, நாற்பதுக்கும் மேற்பட்ட எம்பி3 கோப்புகள். எம்பி3 சிறுசிறு துண்டுகளின் தொடர் என்பதால் தலை போனாலும் உடல் ஓடும். பெயரின் வாலை மட்டும் நீக்கிவிட்டு ஒன்றைத் திறந்தேன். விநாடிக்கு 128 கிலோபிட் வேகத்தில் 150 கிலோபைட் என்பது சுமார் பத்து விநாடி. அந்தப் பத்தைத் தாண்டி, ஒரு வாக்கியத்தின் நடுவிலிருந்து அப்பா பேசத் தொடங்கினார்.

வரிசையாகக் கேட்டேன். எல்லாமே அப்படித்தான் ஓடின. அவர் ஒவ்வொரு முறையும் தொண்டையைச் செருமி, “பதிவாகிறதா? பேசலாமா?” என்று என்னிடம் கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிப்பார். போனது அந்தப் பகுதி.

அப்பாவைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டவர், “பரவாயில்லையே, இந்தத் தடவை நேராக விஷயத்துக்கு வந்திருக்கிறேன்” என்றார்.