மெதுவாக வந்த பந்து

மாத்தளையில் ஹொக்கி விளையாடியவர்கள் எல்லோரும் மைதான ஓரத்திலிருந்து எழும் அந்தக் குரலைக் கேட்டிருப்பீர்கள்: "இதைக்கூடவா விட்டான்?" வேகமாக அடித்த பந்து கோலுக்குள் போனால் அடித்தவனுக்குப் பாராட்டு. தவழ்ந்து வந்த பந்து போனால் கோல் காப்பாளனுக்கு ஏச்சு. அந்த ஏச்சு அநியாயம் என்று, பின்களத்தில் அவனுக்கு முன்னால் நின்று விளையாடிய உரிமையில் எழுதுகிறேன்.

கோலுக்கு முன்னால் வரையப்பட்ட அரைவட்டத்தின் விளிம்பு கோலிலிருந்து 14.63 மீற்றர். மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் வரும் பந்து அந்தத் தூரத்தை அரை வினாடியில் கடந்துவிடும். யோசிக்க நேரமே இல்லை. மட்டை ஓங்கப்படும்போதே காப்பாளனின் உடல் ஆயத்தமாகிவிடும்; சரியான இடத்தில் நின்றிருந்தால் பந்து தானாகவே வந்து காலில் படும். ஆனால் ஓங்கிய மட்டையின் ஓரத்தில் பட்டுப் பந்து மெல்ல உருண்டால், அந்த ஆயத்தமே அவனுக்குப் பகை. அவன் பாய்ந்து முடித்திருப்பான். பந்து பாதி வழியில்தான் இருக்கும். எழுவதா, காலை நீட்டுவதா, முன்னே ஓடுவதா என்று புதிதாக முடிவெடுக்க வேண்டும். அதற்குள் எதிரணிக்காரன் குறுக்கே மட்டையை வைத்துவிடுவான்.

இங்கே ரொறன்ரோவில் ஐஸ் ஹொக்கியிலும் இதையே காண்கிறேன். வேகத்தை எதிர்பார்த்து முழங்காலில் இறங்கிவிட்ட காப்பாளர், தாமதித்து வரும் ரப்பர் தட்டை (puck) நோக்கி மீண்டும் நகரத் திணறுகிறார்.

எங்களுக்கு மைதானமும் எதிரி. 1976 மொன்றியல் ஒலிம்பிக்கிலேயே செயற்கைத் தளம் வந்துவிட்டது. நாங்கள் விளையாடியதோ மழையில் ஊறிய புல்தரையில். வேகமான பந்து புல்லை மதிக்காது. மெதுவான பந்து ஒவ்வொரு மேட்டிலும் திசை மாறும், துள்ளும். நம் காப்பாளன் கட்டியிருந்த பிரம்பும் கன்வஸும் கலந்த பழைய காற்கவசம் நனைந்து கனத்திருக்கும். வேகமான பந்து அதில் பட்டாவது கொஞ்சம் விலகிப் போகும். மெதுவான பந்து அவனுடைய பெருவிரலுக்கு முன்னாலேயே செத்து விழும். குனிந்து பார்த்தால் கவசமே அதை மறைக்கும். அந்த இடத்தில் விழுந்த கோல்கள்தான் எத்தனை!

இதை உணர்ந்திருந்தவர் எங்கள் மாஸ்டர் ஒருவர்தான். பயிற்சி முடியும் நேரத்தில், எல்லோரும் களைத்த பிறகு, அவர் கையாலேயே பந்துகளை உருட்டிவிடுவார். அதை விளையாட்டாக எடுத்தவர்களை அவர் மன்னித்ததே இல்லை.

கல்லூரிக்கு உபகரணம் அனுப்பும் பேச்சு வரும்போதெல்லாம் நம் பழைய மாணவர் சங்கத்தில் மட்டைகளைப் பற்றியே பேசுகிறோம். இம்முறை முதலில் காப்பாளருக்கு நல்ல நுரைக் கவசங்களை அனுப்புவோம்.